டீசலில் சேரும் நீரும் பொது டிராக்டரின் பாதுகாப்பும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

பயிருக்கு உயிராக விளங்கும் நீரே, உழவு செய்யும் இயந்திரத்தின் எரிபொருளிற் கலந்துவிட்டால் அதற்குப் பெரும் பகையாகிவிடுகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் பல தம் அங்கத்தினருக்கு டிராக்டரை வாடகைக்கு அளித்து வருகின்றன. சொந்தமாக டிராக்டர் வாங்க இயலாத சிறு விவசாயிக்கு இவ்வசதி பேருதவியாக இருக்கிறது. ஆனால், அத்தகைய பொது டிராக்டர் உழவுப் பருவத்தில் ஒரு வாரம் நின்றுபோனால், அதனால் நேரும் நஷ்டம் பழுதுபார்க்கும் செலவோடு முடிவதில்லை. முறைக்குக் காத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரின் வயலையும் அது பாதிக்கிறது. அவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள், சிறிது கவனத்தால் தடுத்துவிடக் கூடியது டீசலில் நீர் சேர்தலாகும். நீர் எவ்வாறு சேர்கிறது, என்ன கேடு செய்கிறது, அதை எவ்வாறு தடுப்பது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

எங்கள் சங்கத்தின் அனுபவம்

எங்கள் சங்கம் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துவந்தது. ஒரு நாட்காலை சங்கத்தின் டிராக்டர் பத்து நிமிடம் திக்கித் திக்கி ஓடி, வெண்புகை கக்கி, நடுவயலில் நின்றுவிட்டது. டிரைவர் பலமுறை செல்ஃப் போட்டுப் பார்த்தார். பாட்டரி இறங்கியதேயன்றி எஞ்சின் எழவில்லை. மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழற்றியபோது, அதிலிருந்து கலங்கிய நீர் வடிந்தது.

உடனே பேச்சு எழுந்தது. டிரைவர் டீசலைத் திருடி விற்றுவிட்டு, அளவு குறையாதிருக்க நீரை ஊற்றிவிட்டார் என்றனர் சிலர். டீசல் விற்ற பங்க்கின்மீது குறை கூறினர் வேறு சிலர். நிர்வாகக் குழுவில் இருந்த நானும் டிரைவரையே சந்தேகித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை வேலையினின்றும் நீக்கத் தீர்மானமும் எழுதப்பட்டது. அப்போது எங்கள் காரியதரிசி, "கையெழுத்திடுமுன் ஒரு சோதனை செய்து பார்த்துவிடுவோம்" என்றார்.

சங்கக் கிடங்கின் பின்புறம், கூரையில்லாத இடத்தில், டீசல் பேரல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியிலிருந்து குழாயால் சிறிது எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஓரிரவு வைத்தபோது, பாட்டிலிற் பாதி நீராக நின்றது. பேரலின் மேல்தட்டில் மழைநீர் தேங்கிய கறை காணப்பட்டது; மூடியின் வாஷரோ தேய்ந்து போயிருந்தது. காரியதரிசி அத்துடன் விடவில்லை. பேரலைக் காலி செய்து, துடைத்து உலர்த்தி, நல்ல டீசலைப் பாதியளவு ஊற்றி, அதே மூடியை இட்டு, வெயிலில் வைக்கச் செய்தார். பொழுது சாயும் வேளையில் அளந்து ஒரு லிட்டர் நீரை மேல்தட்டில் ஊற்றினார். மறுநாட்காலை தட்டு ஏறத்தாழ வறண்டிருந்தது. நீர் பேரலின் அடியில் கிடந்தது.

திருடியவர் எவருமில்லை. விலைகொடுத்து வாங்கிய டீசலில் மழைநீரைச் சேர்த்தவர்கள் நாங்களே. தீர்மானம் கிழிக்கப்பட்டது, குழுவினர் டிரைவரிடம் வருத்தம் தெரிவித்தனர். ஆயினும், டிராக்டர் பன்னிரண்டு நாட்கள் நின்றது. பம்பும் நாஸில்களும் பழுதுபார்க்கப்பட்டன. அதற்குள் அங்கத்தினர் சிலரது நாற்று முற்றிப்போயிற்று. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலவில்லை.

நீர் புகும் வழிகள்

மூடியிட்ட பேரலுக்குள் நீர் எவ்வாறு புகுந்தது? பேரல் மூச்சு விடுகிறது என்று கூறினால் அது மிகையன்று. பகலில் வெயில் ஏறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, தளர்ந்த மூடியின் புரி வழியே வெளியேறுகிறது. இரவிலோ, திடீரென மழை பெய்தாலோ, பேரல் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. நூறு லிட்டர் காற்றிடமுள்ள ஒரு பேரல் 50 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், அக்காற்று ஏழெட்டு லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தக் குறையை நிரப்ப வெளியிலுள்ளதை அது உறிஞ்சும். மூடியின்மீது காற்றிருந்தால் காற்று புகும். நீர் தேங்கியிருந்தால் நீரே புகும்.

200 லிட்டர் பேரலின் மேல்தட்டு ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால் அஃது இரண்டரை லிட்டராகும். டீசலில் இருக்கக்கூடிய நீரின் உச்ச அளவு, ஐ.எஸ். 1460 என்னும் இந்தியத் தரநிர்ணயப்படி, ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். அதாவது, ஒரு முழுப் பேரலுக்கு 33 மில்லிலிட்டர் அளவேயாகும். ஒரு மழையிரவில் அதைப்போல எழுபது மடங்கு நீர் தட்டில் வந்து காத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, காற்றிலுள்ள ஈரம் டேங்கின் உட்சுவரில் பனித்து இறங்குதல். இதைப் பலர் முதற் காரணமாகக் கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் அளவு சிறிதே. ஐம்பது லிட்டர் ஈரக்காற்று 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு கிராமுக்கும் குறைவான நீரே படியும். ஆனால், கனமான நீர் டீசலுக்கு அடியில் இறங்கித் தங்கிவிடுவதால், நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. டேங்கைக் காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்திவிடும் டிராக்டருக்கு இதனால் கேடு உண்டு.

மூன்றாவது வழி, நம் கவனக்குறைவு. டேங்க் மூடி தொலைந்துபோனால் கந்தலை அடைத்து வைத்தல், மழையில் நின்றபடி டீசல் ஊற்றுதல், கழுவிய கேனை உலர்த்தாமல் டீசல் வாங்கப் போதல், டிராக்டரைக் கழுவும்போது மூடியின்மீது நேரே நீரைப் பாய்ச்சுதல் ஆகியவை நாம் அன்றாடம் காண்பவையே. பங்க்கின் நிலத்தடி டேங்கிலிருந்தும் நீர் வருதல் கூடும். லாரியிலிருந்து டீசல் இறக்கும் நேரத்தில் அடியிலுள்ள கசடும் நீரும் கலங்கும். ஆகையால், அவ்வேளையில் வாங்காமல் சற்றுப் பொறுத்து வாங்குவது நன்று.

நீர் செய்யும் கேடு

டீசல் எஞ்சினில் எரிபொருளை அழுத்தித் தள்ளுவது பம்பு. அதைப் புகைபோல் நுண்துளிகளாக்கிச் சிதறுவது நாஸில். பம்பினுள் ஓர் எஃகுத் தண்டு எஃகுக் குழலுக்குள் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கூறே. தலைமயிரோ அத்தகைய எழுபது கூறு பருமனுடையது. இவ்வளவு நுண்ணிய இடத்தில் வேறு எண்ணெய் இடுவதற்கில்லை. அவ்வழியே செல்லும் டீசலே அதற்கு மசகாகவும் பயன்படுகிறது.

நீருக்கு அந்த வழவழப்பு இல்லை. டீசல் இருக்கவேண்டிய இடத்தில் நீர் வந்தால் எஃகும் எஃகும் உராய்ந்து தேய்கின்றன. இது முதற் கேடு. வண்டி நின்றபின், நீர் தங்கிய இடத்தில் துரு பிடிக்கிறது. நுண்ணிய இடைவெளியில் ஒரு துருப்பொடி போதும், தண்டு இறுகிவிடும். இஃது இரண்டாவது. நாஸில் முனை எரியறையின் சூட்டில் இருப்பது. அங்கே நீர் சென்றால் நொடியில் ஆவியாகி விரிந்து முனையைச் சிதைத்துவிடுகிறது. இது மூன்றாவது.

நான்காவது கேடு பலர் அறியாதது. டீசலும் நீரும் சந்திக்கும் மட்டத்தில் நுண்கிருமிகளும் பூஞ்சணமும் வளர்கின்றன. அவற்றுக்கு டீசல் உணவு; நீர் உறைவிடம். பழுப்பும் கறுப்புமான வழுவழுப்பான பாசி போன்ற பொருள் உண்டாகி ஃபில்டரை அடைக்கிறது. அவை வெளியிடும் அமிலம் டேங்கை அரிக்கிறது. நீர் இல்லையேல் இவற்றுக்கு வாழ்வில்லை.

முற்காலத்தைவிட இன்று அதிகக் கவனம் தேவை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் இராது. இது காற்றுக்கு நன்மை. ஆனால், கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைவதால், அதற்கெனத் தனி மருந்து சேர்க்கப்படுகிறது. இத்தர டீசலில் ஓரளவு உயிரி டீசல் கலக்கவும் இடமுண்டு. உயிரி டீசல் ஈரத்தை அதிகமாக ஈர்க்கும் தன்மையது. மேலும், 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துள்ளது. அதற்கேற்ப வந்துள்ள காமன் ரெயில் எஞ்சின்களில், பழைய நாஸில்களைப்போலப் பன்மடங்கு அழுத்தத்தில் டீசல் செல்கிறது. பழைய எஞ்சின் தாங்கிக்கொண்ட நீரைப் புதிய எஞ்சின் தாங்காது.

கண்டறியும் முறை

வெண்புகை, சக்திக் குறைவு, திக்கி ஓடுதல், ஸ்டார்ட் ஆகத் தாமதம் ஆகியவை நீர் கலந்ததன் அறிகுறிகள். ஆனால் குழாயில் காற்று புகுந்தாலும், ஃபில்டர் அடைத்தாலும் இவற்றுட் சில தோன்றும். ஐயத்தைத் தீர்ப்பது பாட்டில் சோதனையே. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

நிறமற்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கழுவி நன்கு உலர்த்துக. பேரலின் அல்லது டேங்கின் அடியிலிருந்து டீசலை எடுத்து நிரப்பி, அசையாமல் ஓரிரவு வைக்க. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம் எடையே உடையதாதலின் நீர் அடியில் நிற்கும். அடியில் நிற்பது நீர்தானா என்ற ஐயம் எழுந்தால், பேனா மை ஒரு சொட்டு விடுக. நீராயின் மை அதிற் கரைந்து பரவும். டீசல் மட்டுமாயின் கரையாமல் மணிபோற் கிடக்கும். பாட்டிலைக் கடந்து செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடியாதபடி டீசல் மங்கியிருந்தால், நீர் நுண்துளிகளாகக் கலந்து நிற்கிறது என்று அறியலாம். இரண்டுக்கும் நடுவே கறுத்த நூல்போன்ற படலம் மிதந்தால், பூஞ்சணம் குடியேறிவிட்டது என்பது தெளிவு.

தடுக்கும் முறைகள்

பேரலைப் பொறுத்தவரை:

1. பேரலைக் கூரையின்கீழ், தரையில் நேரே படாமல் மரக்கட்டைமீது வைக்க வேண்டும்.

2. திறக்காத பேரலைப் படுக்கையாக, இரு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் அமையும்படி வைப்பது சிறந்தது. உள்ளிருந்து டீசல் மூடிகளை நனைத்துக்கொண்டிருப்பதால் காற்றும் ஈரமும் புகா.

3. நிமிர்த்தியே வைக்க நேர்ந்தால், ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, மூடிகள் தாழ்ந்த ஓரத்தில் அமையாதபடி பார்த்துக்கொள்க. வாஷரை ஆண்டுதோறும் மழைக்கு முன் மாற்றுக.

4. பேரலை உருட்டி வந்தால் ஒரு நாள் முழுதும் அசையாது தெளியவிட்ட பின்னரே டீசல் எடுக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் முனை அடியிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அடியில் எஞ்சுவதை மாதம் ஒருமுறை தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

5. துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரத்தில் டீசலைச் சேமிக்கலாகாது. மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைப்பதும் வேண்டுவதில்லை.

டிராக்டரைப் பொறுத்தவரை:

1. மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும். காற்றிடம் குறைந்தால் பனித்தலும் குறையும். விரிவதற்குச் சிறிது இடம் விட்டால் போதுமானது.

2. காலையில் எஞ்சினை எழுப்புமுன், ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துவிட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். இரவெல்லாம் நின்றதால் நீர் அடியில் திரண்டிருக்கும். ஓடியபின் வடித்தால் கலங்கிவிடும். இதற்கு இரண்டு நிமிடமே ஆகும்.

3. டேங்க் மூடியின் ரப்பரையும் காற்றுத் துவாரத்தையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். துவாரத்தைப் பிளாஸ்டிக் தாளால் கட்டி அடைத்தால் டீசல் இறங்காமல் எஞ்சின் நின்றுவிடும்.

4. கைப்புத்தகத்திற் கூறியுள்ள மணிக்கணக்குப்படி ஃபில்டரை மாற்றுக. புதிய ஃபில்டரில் வடிகட்டாத டீசலை ஊற்றி மாட்டுதல் தவறு.

இங்கு நெசவாள அங்கத்தினர்க்கும் ஒரு சொல். டீசலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றும் வழக்கம் எங்கும் உண்டு. பருத்தி முதலிற் சிறிது நீரை உறிஞ்சும் என்பதை நெசவாளர் நன்கறிவர். ஆனால் நனைந்து நிறைந்த துணி, நீரைத் தடுப்பதில்லை. அத்துடன் பஞ்சிழை உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். துணியை நம்புவதை விடுத்து, தெளியவிட்டு எடுப்பதையும், நுண்வலையிட்ட புனலையுமே நம்புதல் வேண்டும். மின்தடைக்கெனத் தறிக்கூடத்தில் வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் இப்பாடம் முழுவதும் பொருந்தும். மாதக்கணக்கில் ஓடாது நிற்பதால், டிராக்டரைவிட அதற்கே நீரால் ஆபத்து மிகுதி.

நீர் புகுந்துவிட்டால்

எஞ்சின் திக்கி நின்றால், அல்லது புதிய டிராக்டரில் நீரைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், மீண்டும் மீண்டும் செல்ஃப் போடலாகாது. ஒவ்வொரு சுற்றும் நீரைப் பம்புக்குள் தள்ளுகிறது. எங்கள் டிராக்டருக்கு நேர்ந்த பெருங்கேடு நீர் புகுந்ததனால் மட்டும் விளைந்ததன்று; நின்றபின் பலமுறை சுழற்றியதாலும் விளைந்தது.

டேங்கின் குழாயை மூடி, ஃபில்டர் கிண்ணத்தை வடித்துப் பார்க்க. நீர் மிகுதியாயின் டேங்கை முழுதும் வடித்துத் துடைத்து, ஃபில்டர்களை மாற்றி, நல்ல டீசல் ஊற்றுக. பின்னர், ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். இதனை மெக்கானிக்குகள் 'ஏர் எடுத்தல்' என்பர். காமன் ரெயில் எஞ்சினில், ரெயிலுக்கும் நாஸிலுக்கும் செல்லும் உயரழுத்தக் குழாய்களை நாமே தளர்த்தலாகாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். நீர் பம்பு வரை சென்றிருந்தால், அன்றே டீசல் பம்பு பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்புக. நாளாக நாளாகத் துருவும் செலவும் ஏறும். ஸ்பிரிட் ஊற்றினால் நீர் கரைந்துவிடும் என்று சிலர் யோசனை கூறுவர். அது டீசலின் வழவழப்பைக் கெடுப்பதுடன் தீவிபத்துக்கும் இடமளிக்கும். வடித்த கசட்டை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டலாகாது. இவ்வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

சங்கத்தின் கடமை

தன் சொந்த டிராக்டரை ஒருவன் காலையில் தானே பார்த்துக்கொள்கிறான். பொது டிராக்டரை அவர் பார்ப்பார், இவர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறோம். எல்லோருக்கும் உரிய வேலை எவராலும் செய்யப்படாமற் போவதுண்டு. ஆதலின், எங்கள் சங்கத்தில் ஒரு சிறு பதிவேடு வைத்துள்ளோம். நாள்தோறும் ஃபில்டரை வடித்தவர் பெயர், நீர் கண்டதா இல்லையா என்ற குறிப்பு, டீசல் வாங்கிய நாள், அளவு, பில் எண் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் வாங்கும் டீசலில் ஒரு சிறு பாட்டில் மாதிரி எடுத்து, நாளைக் குறித்து, அது தீரும்வரை இருட்டறையில் வைக்கிறோம். பங்க்கில் தவறிருந்தால் அம்மாதிரி அதைக் காட்டும். தவறில்லையேல் அவரைப் பழியினின்றும் காக்கும். டிரைவருக்கும் அதுவே சாட்சி.

பதிவேடு வைத்தபின் வந்த மழைக்காலங்களில் இருமுறை குவளையில் நீர் கண்டோம். இருமுறையும் வயலில் இறங்குமுன்னரே வடித்துவிட்டதால் டிராக்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. இயந்திரத்தைக் காத்ததைவிட, ஒருவரையொருவர் சந்தேகிக்கும் நிலையினின்றும் சங்கத்தைக் காத்ததே இப்பதிவேட்டின் பெரும்பயன் என்று கருதுகிறேன்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. வெயிலில் நின்ற பேரல் திடீர் மழையில் நனையும்போது அதனுள் என்ன நிகழ்கிறது?

2. ஃபில்டரைக் காலையிலேயே வடிக்கவேண்டும் என்பதற்குக் காரணம் யாது?

3. நீரால் எஞ்சின் நின்றபின் ஏன் செல்ஃப் போடலாகாது?

4. நம் சங்கத்தின் டீசல் இன்று எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது? அடுத்த கூட்டத்திற்குமுன் அங்கத்தினர் இருவர் நேரிற் சென்று பார்த்துவந்து தெரிவிப்பாராக.